இடப்பக்கம் இழுத்த வண்டி

தென்காசிக்குக் கிழக்கே, வயலுக்கும் கரட்டுக்கும் நடுவில் ஒரு மடம் இருந்தது. அதன் தலைவி உலகம்மாள். வயது நாற்பதைத் தாண்டவில்லை. லாரிப் பட்டறைக்காரரின் மகளாகப் பிறந்து, கிரீஸ் வாசனையில் வளர்ந்து, எப்படியோ ஞானத்தின் பக்கம் வந்து சேர்ந்தவர். அவரைவிட மூத்த சீடர்களும் அவரை அம்மா என்றுதான் அழைத்தார்கள்.

அப்படி மூத்தவர்களில் ஒருவர் பலவேசம். அரிசி ஆலையை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு, மிச்சக் காலத்தை நிம்மதியாகக் கழிக்கலாம் என்று மடத்துக்கு வந்தார். வந்த இடத்தில்தான் இருந்த நிம்மதியும் போனது. தியானத்துக்குக் கண்ணை மூடினால் போதும், மனம் ஆலைக்கு ஓடிவிடும். நெல் காய்ந்ததா, பெல்ட் அறுந்ததா, மூட்டையை எலி கடித்ததா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடும். பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தால், அடுத்த மூச்சில் மறுபடியும் ஆலைதான்.

ஒரு நாள் காலையில் பையும் கையுமாக உலகம்மாள் முன்னால் போய் நின்றார்.

"நான் ஊருக்குப் போறேம்மா. எனக்கு இது சரிப்படாது."

"ஏன் அண்ணாச்சி, சாப்பாடு பிடிக்கலியா?"

"சாப்பாடு நல்லாத்தான் இருக்கு. மனசுதான் கோணல். எத்தன தடவ நேரா வச்சாலும் ஒரே பக்கமா இழுத்துட்டுப் போயிருது. நாய் வால நிமிர்த்த முடியுமா?"

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. போக வேண்டும் என்று அவருக்கு ஆசையே இல்லை. இந்த மடத்தையும் இந்த மனிதர்களையும் அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் தகுதி இல்லாமல் எத்தனை நாள் உட்கார்ந்து சாப்பிடுவது?

உலகம்மாள் இருக்கச் சொல்லவில்லை. சாயங்காலம் பஸ் இருக்கிறது, தானே கூட வந்து ஏற்றிவிடுவதாகச் சொன்னார். அதற்குள் மடத்துப் பிக்கப் வண்டியைக் கொஞ்சம் பார்த்துக் கொடுத்தால் நல்லது என்றார். அது இடப்பக்கமாக இழுக்கிறதாம்.

அன்னதானத்துக்கு அரிசி ஏற்றி வரும் பழைய வண்டி அது. ஓட்டுகிறவர் பிச்சையா சாமி. மாசக்கணக்கில் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். தோள்பட்டை வீங்கிப்போய்த் தைலம் தேய்த்துக்கொண்டாரே தவிர, முந்தின நாள் உலகம்மாள் கவனித்துக் கேட்கும்வரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. அது ஆண்டவன் தனக்கென்று அனுப்பிய சோதனை என்று நம்பினார். ஆண்டவன் அனுப்பியதை ஸ்பேனர் போட்டுக் கழற்றலாமா? உலகத்தில் வேறெந்த டிரைவருக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்காது.

உலகம்மாள் இதைச் சொல்லக் கேட்டுப் பலவேசம் அந்தக் கவலையிலும் சிரித்துவிட்டார். ஆலை வண்டிகளைப் பழுது பார்த்துப் பழகிய கை அவருடையது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் போகக் குனிந்தார்.

"காத்துப் பாத்தியளா?" என்றார் உலகம்மாள்.

பார்க்கவில்லை. இடப்பக்க முன்டயரில் பாதிக் காற்றுதான் இருந்தது. நிரப்பி ஓட்டிப் பார்த்தார்கள். இழுப்பு குறைந்தது, ஆனால் விடவில்லை. முன்டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டார்கள். டயரில் குற்றம் இருந்திருந்தால் இழுப்பும் பக்கம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை இரு பக்கமும் பிடித்து ஆட்டினார் பலவேசம். விழப்போகிற பல் மாதிரி ஆடியது. சக்கரத்தைத் திருப்பும் டைராடின் முனை தேய்ந்திருந்தது. பிச்சையா சாமியே டவுனுக்குப் போய்ப் புது முனை வாங்கி வந்தார். தன் சோதனையைத் தானே முடித்து வைக்கிற வருத்தம் அவர் முகத்தில் இருந்தது.

அதை மாட்டி முடித்ததும், சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அளவு பார்க்க நூலையும் தூக்குக்குண்டையும் எடுத்தார் பலவேசம். உலகம்மாள் தடுத்தார். வழக்கமாக ஏற்றுகிற அரிசி மூட்டைகளைப் பின்னால் ஏற்றச் சொன்னார். பிச்சையா சாமியை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார்.

"இது எதுக்கும்மா?"

"எப்படி ஓடுமோ அப்படி நிறுத்தித்தான் அளக்கணும் அண்ணாச்சி. சுமை இல்லாத வண்டி யாருக்கு வேணும்?"

பலவேசம் மூட்டை தூக்கப் போனார்.

அசையக் கூடாது என்று சொல்லியிருந்ததால் பிச்சையா சாமி மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டார். தியானத்தில் ஒரு நாளும் அவர் இப்படி உட்கார்ந்ததில்லை. பலவேசம் சக்கரத்தின் ஓரமாகக் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். இடப்பக்கச் சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்திருந்தது. சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் இரும்புக் கையில் மெல்லிய தகடு சேர்த்து அதை உள்ளே கொண்டுவந்தார். பிறகு வண்டியின் நீளத்துக்கு நூல் கட்டி, இரண்டு சக்கரங்களும் முன்னால் எவ்வளவு விரிந்திருக்கின்றன, பின்னால் எவ்வளவு என்று அளந்தார். அளவு சரியாகும்வரை டைராடை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் அதே அளவு என்று திருகினார். வெயில் இறங்கியதே அவருக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க ஆலையின் நினைவு நாலைந்து தடவை வந்து எட்டிப் பார்த்தது. இவர் கையில் வேலை இருந்ததால் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

சாயங்காலம் பையைப் பின்னால் போட்டுக்கொண்டு பலவேசமே வண்டியை எடுத்தார். பக்கத்தில் உலகம்மாள். ஊருக்குள் புதிதாகப் போட்ட சிமெண்டு ரோடு மட்டமாக இருந்தது. எதிரே ஆள் இல்லை. பலவேசம் மெதுவாக ஓட்டியபடி ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துப் பார்த்தார். வண்டி வகிடு எடுத்த மாதிரி நேராகப் போனது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோணல் என்று ஒன்று இருந்தால் அதை நிமிர்த்தவும் முடியும் போலிருக்கிறதே என்று நினைத்தார்.

சிமெண்டு ரோடு முடிந்து பஸ் போகும் தார் ரோட்டில் ஏறினார்கள். அங்கேயும் கையை எடுத்தார். கொஞ்ச தூரம் நேராகப் போன வண்டி, மெல்ல மெல்ல இடது ஓரத்துக்கு நகர்ந்தது. பலவேசத்தின் முகம் விழுந்துவிட்டது. பிடித்துத் திருப்பி, மறுபடியும் விட்டுப் பார்த்தார். மறுபடியும் இடப்பக்கம்தான்.

வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"பாத்தியளாம்மா? இவ்வளவு பண்ணியும் இழுக்கு. சில கோணலு போகவே போகாது."

உலகம்மாள் தண்ணீர் பாட்டிலோடு இறங்கினார். பலவேசமும் இறங்கி வந்தார். ரோட்டில் கொஞ்சம் ஊற்றினார். தண்ணீர் ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு, இடது ஓரத்தைப் பார்த்து ஓடியது.

"ரோடு சரிஞ்சிருக்கு" என்றார் பலவேசம்.

"சரிச்சுத்தான் போடுவாங்க. இல்லேன்னா மழைத்தண்ணி எங்க போவும்?"

"அப்ப வண்டியில குத்தம் இல்லியா?"

"ஒரு குத்தமும் இல்ல. நல்லாப் பாத்திருக்கிய."

பலவேசம் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் கேட்டது வண்டியைப் பற்றி மட்டும் இல்லை.

"எந்த ரோட்டுலயும், கைய விட்டாலும், தானா நேராப் போற மாதிரி ஆக்க முடியாதாம்மா?"

உலகம்மாள் வாய்விட்டுச் சிரித்தார்.

"அண்ணாச்சி, கைய எதுக்கு விட்டிய?"

பலவேசம் வண்டிக்குத் திரும்பினார். ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார். கொஞ்ச தூரத்தில் பஸ் ஸ்டாண்டு தெரிந்தது. வண்டியைத் திருப்பி மடத்துக்கு ஓட்டினார்.