அம்மா வாய்க்கு வந்த பேரு

போர்வையை நல்லா இழுத்துக்கோ குட்டிம்மா, ஃபேன் காத்து ஜில்லுனு வருது. பெரியப்பா கதை சொல்லுவேனாம், நீ 'ம்' கொட்டுவியாம். 'ம்' நின்னுச்சுன்னா கதையும் நின்னுடும். சரியா?

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தா. அவ பேரு பவளம். ஆத்தங்கரையில வீடு. அவளும் அவ புருஷன் இசக்கிமுத்துவும் வாத்து மேய்ச்சாங்க. எத்தனை வாத்துங்கிற? முந்நூறு! காலையில கதவைத் திறந்தா போதும், குவாக் குவாக் குவாக்னு தெருவே அடைச்சுக்கிட்டுப் போகும்.

ம்... ஆங், அப்படித்தான்.

அந்தப் பவளத்துக்கு ஒரே ஒரு கஷ்டம். பேச்சு திக்கும். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துடும், அப்புறம் வாசல்ல நின்னுக்கும். வெளிய வரவே வராது. கடைக்குப் போய் "ப... ப... ப..."ன்னு நிப்பா. "பருப்பா? பச்சை மிளகாயா?"ன்னு கடைக்காரரே கேட்டுக் கேட்டுக் கொடுப்பார். அவளுக்கு வேண்டியது பனங்கற்கண்டா இருக்கும். ஆனா பருப்பை வாங்கிக்கிட்டு வந்துடுவா. பாவம்ல?

ஆனா வாத்துங்ககிட்ட பேசும்போது மட்டும் திக்கவே திக்காது. "ஏ பொட்டைக்கண்ணு, அங்க எங்க போற, இங்க வா"ன்னு கடகடகடன்னு பேசுவா. ஏன் தெரியுமா? வாத்து சிரிக்காதுல்ல.

அப்புறம், பவளத்துக்கு ஒரு பாப்பா பொறந்துச்சு. பொம்பளைப் பிள்ளை. இத்தனூண்டு கை, இத்தனூண்டு கால். பதினாறாம் நாள் பேர் வைக்கணும்.

அப்போ மாமியார் சொன்னாங்க, "பேச்சியம்மாள்னுதான் வைக்கணும். பிள்ளை நல்லபடியா பொறந்தா உன் பேரு வைக்கிறேன்னு நம்ம சாமிகிட்ட நேந்திருக்கேன்."

இசக்கிமுத்து சொன்னான், "கற்பகவல்லி. எவ்வளவு லட்சணமா இருக்கு!"

அவன் தங்கச்சி செல்வராணி, அவ டவுன்ல படிச்சவ, அவ சொன்னா, "ஐய, அதெல்லாம் பழசு. ஹர்ஷிதான்னு வைங்க."

"என்னது, அர்சிதாவா?"ன்னாங்க மாமியார்.

"அர்சி இல்லம்மா, ஹர்ஷி! ஹ! ஹ!"

"என்னட்டி மூச்சு வாங்குற?"

சிரிக்கிறியா? அவங்களும் சிரிச்சாங்க. ஆனா பவளம் சிரிக்கலை. அவகிட்ட யாருமே கேக்கலை பாரு. வேணும்னு கேக்காம இல்ல. அவளுக்குப் பேச வராதே, ஏன் கஷ்டப்படுத்தணும்னு விட்டுட்டாங்க.

அப்போ பவளம் என்ன செஞ்சா? பாப்பாவைத் துணியில சுத்தி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, மெதுவா வாய்க்கால் பக்கம் போனா. ஒருத்தரும் இல்லாத இடமாப் பாத்து உக்காந்தா. ஒவ்வொரு பேராச் சொல்லிப் பாத்தா.

"பே... பே... பே..." ஊஹூம். வாத்துகிட்ட கடகடன்னு ஓடுற வாய், பாப்பா பேருன்னதும் நின்னுக்கிச்சு.

அப்புறம், "க்... க்... க்..." கல்லு மாதிரி அடைச்சுக்கிச்சு.

அப்புறம், "ஹ... ஹ..." காத்துதான் வந்துச்சு, பேரு வரலை.

பவளத்துக்கு அழுகை அழுகையா வந்துச்சு. நாளைக்கு இவ தவழ்ந்து தண்ணிக்குப் போனா எப்படிக் கூப்பிடுவேன்? பள்ளிக்கூடத்து வாசல்ல எல்லா அம்மாவும் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்களே, நான் மட்டும் கையைத் தட்டியா கூப்பிடுவேன்?

ம்... கேக்குறியா? சரி.

அன்னையிலேருந்து தினமும் வாய்க்காலுக்குப் போனா. தனக்குத் தெரிஞ்ச பேரையெல்லாம் ஒண்ணொண்ணா வாயில போட்டுப் பாத்தா. எதுவும் அசையலை. ஒருநாள் பாப்பாவைத் தட்டிக்கிட்டே "ம்ம்ம்ம்"னு சும்மா முனகிக்கிட்டு இருந்தா. அந்த முனகல் அப்படியே "ந்ந்ந்"னு ஆச்சு, அப்படியே "நீஈஈஈ"ன்னு நீண்டுச்சு, அப்புறம் வழுக்கிக்கிட்டு "லா"ன்னு வந்து விழுந்துச்சு. நீஈஈஈலா! நிக்கலை, முட்டலை. பவளம் பயந்தே போயிட்டா. இன்னொரு தடவை சொன்னா. நீஈஈலா! பாப்பா கண்ணை அகல விரிச்சு அவளையே பாத்துச்சு.

ஆனா வீட்டுல போய்ச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரலை. மாமியார் சாமிக்கு நேந்தது இருக்கே.

பதினஞ்சாம் நாள். மத்தியானம், பவளம் வாத்துக்குத் தவிடு வைக்கப் போயிருந்தா. வீட்டுல பாப்பா முழிச்சுக்கிட்டு, ஙா ஙா ஙான்னு ஒரே அழுகை. மாமியார் ஓடி வந்து, "பேச்சி, என் ராசாத்தி, பேச்சி"ன்னாங்க. ஙா! இசக்கிமுத்து தூக்கி, "கற்பகம், கற்பகம்"னான். ஙா ஙா! செல்வராணி கிலுகிலுன்னு கிலுகிலுப்பையை ஆட்டி, "ஹர்ஷு, ஹர்ஷு"ன்னா. ஙாஆஆ! முகமெல்லாம் செவந்து மூச்சு அடைக்குது.

பவளத்துக்குச் சத்தம் கேட்டுச்சு. தவிட்டுக் கையோட தடதடன்னு ஓடி வந்தா. யார் நிக்கிறாங்கன்னே பாக்கலை. பாப்பாவை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு, "ம்ம்ம்... நீஈஈஈலா... என் நீஈஈலா"ன்னா.

பாப்பா டக்குனு அழுகையை நிறுத்திடுச்சு.

மாமியார் கேட்டாங்க, "இது யாரு தாயி வச்ச பேரு?"

பவளத்துக்கு அப்பத்தான் எல்லாரும் நிக்கிறது தெரிஞ்சுது. "அ... அ... அத்தே..." நின்னுக்கிச்சு. இசக்கிமுத்து அவளுக்குப் பதிலா சொல்ல வாயெடுத்தான். மாமியார் 'சும்மா இரு'ன்னு கையைக் காட்டினாங்க. காத்திருந்தாங்க.

"இ... இவள... நா... நானும் கூ... கூப்பிடணும்."

அவ்வளவுதான் சொன்னா. மாமியாருக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. கிட்ட வந்து, பவளத்தோட கையில ஒட்டியிருந்த தவிட்டைத் தன் முந்தானையால துடைச்சுவிட்டாங்க.

"எனக்கு இது தோணவே இல்லையே தாயி. அந்தப் பேரே இருக்கட்டும்."

"சாமிக்கு நேந்தது?"ன்னான் இசக்கிமுத்து.

"நான் போய்ப் பேசிக்கிறேன். அந்தப் பேச்சியம்மாளும் பிள்ளைகளைக் காக்கிற சாமிதானே, இது புரியாமலா போகும்?"

தூங்கிட்டியா? ...ம். இல்லையா. சரி, கொஞ்சந்தான் இருக்கு.

பவளம் இழுத்துச் சொன்னதை அவங்க எல்லாரும் நிலான்னே எடுத்துக்கிட்டாங்க, மறுநாள் பாப்பா காதுல பேரைச் சொன்னாங்க. மாமியார் "நெலா, நெலா, நெலா"ன்னாங்க. இசக்கிமுத்து "நிலா"ன்னான். செல்வராணி, "நிலாக்குட்டி"ன்னா. பவளம் கடைசியா வந்து, நிதானமா, இழுத்து இழுத்து மூணு தடவை சொன்னா. ஒருத்தரும் அவசரப்படுத்தலை.

அப்புறம் ஒருநாள் பேரைப் பதியணும்னு எல்லாரும் ஆபீஸுக்குப் போனாங்க. ஆபீஸம்மா கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு, "பிள்ளை பேரு?"ன்னாங்க.

"நெலா"ன்னாங்க மாமியார்.

"நிலா"ன்னான் இசக்கிமுத்து.

"இங்கிலீஷ்ல கடைசியில ரெண்டு ஏ போடுங்க மேடம்"னா செல்வராணி.

"அட, ஆளுக்கு ஒண்ணு சொன்னா நான் எதை எழுத? நிலாவா, நீலாவா? ஒரு தடவை எழுதிட்டா அப்புறம் மாத்துறது பெரும்பாடு."

இசக்கிமுத்து, "நிலாதான், வானத்துல இருக்கே, அந்த..."ன்னு ஆரம்பிச்சான். மாமியார் அவன் தோளைப் பிடிச்சுப் பின்னால இழுத்தாங்க. "பெத்தவ சொல்லுவா, எழுதிக்கோங்க."

பவளம் முன்னால வந்தா. பின்னால வரிசையில பத்து பேரு. ஒருத்தர் உச் கொட்டினார். அவ வாயைத் திறந்தா, வரலை. மறுபடி திறந்தா, வரலை. பாப்பாவைக் குனிஞ்சு பாத்தா. அப்புறம் நிமிர்ந்து, ஆபீஸம்மா முகத்தைப் பாத்தே சொன்னா.

"ந்ந்... நீஈஈலா."

ஆபீஸம்மா நெடில் போட்டு எழுதினாங்க. நீ... லா.

வெளிய வந்ததும் இசக்கிமுத்து கேட்டான், "அம்மா, நாம வீட்டுல நிலான்னுதானே கூப்பிடுறோம்?"

"நீ நிலான்னு கூப்பிடு, நான் நெலான்னு கூப்பிடுறேன். நமக்கு எப்படிச் சொன்னாலும் வாய் வளையும். எழுத்துல அவ அம்மா சொல்ற மாதிரியே இருக்கட்டும்டா."

ம்...?

'ம்' நின்னு போச்சு. சரி, கதையும் கண்ணை மூடிக்கிச்சு. நீயும் தூங்குடா தங்கம்.