அல்லிக் குளத்தைப் பார்த்துப் போன கார்

அம்பாசமுத்திரத்தில் அரிசி மில் வைத்திருந்த சங்கரபாண்டியனுக்கு, தப்பெல்லாம் எப்போதும் அடுத்தவர் மேல்தான். ஒரு திங்கட்கிழமை விடியலில் அவருடைய புதுக் கார் வயல்களுக்கு நடுவே பனிமூட்டத்தில் மிதந்து போனது. மிதந்தபடியே இடப்பக்கம் இழுத்தது. டிரைவர் இசக்கிமுத்து ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பித் திருப்பி நேராக்கினார்.

"ஏலே, தூங்குதியா? இன்னொரு தடவை வண்டி ஒதுங்கிச்சுன்னா சாவியைக் கொடுத்துட்டு இறங்கிரு!" என்றார் முதலாளி.

பதினோரு வருஷத்து வேலை. இசக்கிமுத்து பணிவாகக் கேட்டார்: "தப்பு என் கையில இருந்தா, கையை எடுத்துட்டா வண்டி நேராப் போகணும்லாய்யா?"

"போகும். எடுத்துப் பாரு!"

ஆளில்லாத ரோட்டில் வேகத்தைக் குறைத்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். கார் தூக்கத்தில் நடப்பதுபோல மெல்லத் திரும்பி, அல்லிக் குளத்தைப் பார்த்துப் போனது. கொக்குகள் வெள்ளையாய் எழுந்து பனிக்குள் கரைந்தன.

"பிடிலே! பிடி!" என்று முதலாளி அலறினார். இசக்கிமுத்து கரையோரம் பிரேக் போட்டார்.

அங்கிருந்து வீல் அலைன்மென்ட் கடைக்குப் போனார்கள். கடைக்கார எஸ்தர் சக்கரங்களை அளந்து பார்த்தார். "முன்சக்கரம் கோணிப்போச்சு. கல்லுல பலமா இடிச்சிருக்கு. கடைசியா யார் ஓட்டுனது?"

"நேத்து எனக்கு லீவு," என்றார் இசக்கிமுத்து.

முதலாளி பர்ஸைத் திறந்தார். சக்கரத்தை நேராக்கியதும், அசையாத தண்ணீரில் படகு போவதுபோல கார் வீடு திரும்பியது. வழியில் பின்சீட்டிலிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது:

"வாய்க்கால் பாலத்துக் கல்லு கொஞ்சம் வெளிய நீட்டிட்டு இருக்குலே."

"ஆமாய்யா. ஞாயித்துக்கிழமையில மட்டும் உள்ள தள்ளி நிக்கச் சொல்லிருவோம்."