பூசணக் கொப்பரைக்குச் சிக்கிய ஆள்

காங்கேயத்துக் கொப்பரை வியாபாரி சென்னியப்பன் பூசணம் பிடித்த மூட்டைகளைக் காட்டினார்.

"வாங்குறவன், விக்கிறவன் குணம் பார்த்து ஆன்லைன்ல சேர்த்துவிடுற கம்ப்யூட்டர் தரகன் இருக்குதில்ல? பொழுது சாயறதுக்குள்ள இதை நல்ல சரக்கு விலைக்குத் தள்ளு. இல்லீன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

கம்ப்யூட்டர் பார்க்கும் வளர்மதி விற்பனைப் பக்கத்தைத் திறந்தாள். பூசணத்தை மறைக்க மனம் வரவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதி, சாம்பிளே கேட்காத ஆளைத் தேடும்படி அந்தத் தரகனிடம் சொன்னாள்.

பொழுது சாய்ந்தது. முதலாளியைச் சுற்றி நாலு வியாபாரிகள்.

"வித்தாச்சுங்க."

"சிக்குன ஏமாளி யாரு அம்மிணி?"

"உங்க வெள்ளகோவில் கடைக்கு, வர்ற கொப்பரையையெல்லாம் கண்ணை மூடிட்டு வாங்கிப் பதுக்கச் சொல்லி நீங்களே ஒரு கம்ப்யூட்டர் தரகனை விட்டிருக்கீங்களே, அதுதானுங்க. பணமும் கட்டிருச்சு. மூட்டையை அங்க எந்தப் பக்கமுங்க இறக்கறது?"