ராஜாவின் முழங்காலும் புனுகுச் சிமிழும்

செங்காட்டுச் சீமையை ஆண்ட வீரமல்ல ராஜாவுக்குக் ‘கொஞ்சம்’ என்ற பேச்சே ஆகாது. நெய் கேட்டால் குடத்தோடு வரவேண்டும். அப்பேர்ப்பட்டவருக்கு முழங்கால் வலி வந்தது.

அரண்மனை வைத்தியர் மருதவாணர் காலைப் பிடித்துப் பார்த்தார்.

“தினமும் ஒரு பிடி உலர்ந்த திராட்சை சாப்பிடுங்கள், மகாராஜா. எலும்புக்கு உதவுகிற சத்து ஒன்று அதில் இருக்கிறது. வெங்காரத்தில் இருப்பதும் அதே சத்துதான். ஆனால் திராட்சையில் இருப்பது கண்ணுக்கே தெரியாத அளவு. உடம்புக்கு அவ்வளவு போதும்.”

அந்தச் சத்துக்குப் போரான் என்று பெயர் வைத்தது ரொம்பப் பிற்காலத்தில். வைத்தியருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளத்தான் சொன்னேன்.

வெங்காரம் என்பது பொன்னைப் பற்றவைக்கத் தட்டார்கள் தூவுகிற வெள்ளை உப்பு. பெயரைக் கேட்டதும் ராஜா நிமிர்ந்தார்.

“அட! தட்டார் தெருவில் அது மூட்டை மூட்டையாய்க் கிடக்கிறதே! நாளைக் காலை ஒரு கிண்ணம் வெங்காரத்தைப் பாலில் கரைத்துக் கொண்டுவாரும்.”

“ஐயோ, அவ்வளவு சாப்பிட்டால் விஷம், மகாராஜா!”

“துளி நல்லது என்றால் கிண்ணம் இன்னும் நல்லதுதானே? நான் சீக்கிரம் குணமானால் உம் பிழைப்புப் போய்விடும், அந்தப் பயம்தானே உமக்கு? பாலோடு வாரும். இல்லையென்றால் உம் தலை இருக்காது.”

வைத்தியர் நேரே தேனப்பன் வீட்டுக்கு ஓடி, ராஜா பேசியதை அப்படியே சொன்னார். தேனப்பன் சபையின் விகடகவி. சாப்பாட்டுக்கு முன் ராஜாவுக்குச் சந்தனமும் புனுகும் பூசிவிடுவதும் அவன் வேலை.

“கொடுத்தால் ராஜா போய்விடுவார். பிறகு ராஜாவைக் கொன்றவன் என்று என் தலை போகும். கொடுக்காவிட்டால் நாளைக்கே போகும். நான் என்ன செய்வேன், தேனப்பா?”

“பாலைக் கொண்டுவாரும். குடிக்க விட்டால்தானே!”

மறுநாள் வைத்தியர் கிண்ணத்தோடு வந்தார். தேனப்பன் ராஜாவுக்குச் சந்தனம் பூசினான். புனுகை விரல் நுனியில் கடுகளவு தொட்டு வைப்பதுதான் வழக்கம். அன்று சிமிழோடு மார்பில் கவிழ்த்து, கழுத்துவரை தேய்த்துவிட்டான்.

கடுகளவு இருந்தால் மணக்கிற புனுகு, மொத்தமாய் இருந்தால் குடலைப் பிடுங்கும். காவலர்கள் வேல்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மகாராணி வாசல்வரை வந்து அப்படியே திரும்பிவிட்டார்.

“டேய்! சிமிழையே கொட்டுவாயா?” என்று ராஜா அலறினார்.

“துளி மணக்கிறது என்றால் சிமிழ் இன்னும் மணக்கும்தானே, மகாராஜா? நேற்று வைத்தியரிடம் தாங்கள் சொன்னதுதான்.”

ராஜா தன் மார்பைப் பார்த்தார். பால் கிண்ணத்தைப் பார்த்தார்.

தேனப்பன் மெதுவாகச் சொன்னான்: “இதைக் குளித்துக் கழுவிவிடலாம். அதைக் குடித்துவிட்டால் எப்படிக் கழுவுவது?”

ராஜாவுக்கு உறைத்தது. கிண்ணத்தைத் தள்ளினார். “வைத்தியரே, உம்மைச் சந்தேகப்பட்டது என் தப்பு. யாரங்கே! திராட்சை கொண்டுவாருங்கள், ஒரு மூட்டை...”

தேனப்பன் இருமினான்.

“சரி, ஒரு பிடி” என்றார் ராஜா. வைத்தியருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ராஜா விடுவாரா? மூக்கைப் பிடித்துக்கொண்டே கண்ணைச் சிமிட்டினார். “தேனப்பா, உனக்குப் பொன் தருகிறேன். ஆனால் கடுகளவுதான். எதுவும் துளி இருந்தால்தான் நல்லது என்று நீயே காட்டிவிட்டாயே!”

“அந்த அளவெல்லாம் சாப்பிடுவதற்கும் பூசுவதற்கும்தான், மகாராஜா” என்றான் தேனப்பன். “பொன்னை நான் பெட்டியில் பூட்டித்தானே வைக்கப் போகிறேன்!”

ராஜா மூக்கை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பொன் குடத்தோடு வந்தது.