தொட்டிக்கு வேண்டிய பத்துப் பேர்

கொச்சி யூதர் அறக்கட்டளை ஊர் வேலைகளுக்கு வருடந்தோறும் நிதி கொடுக்கும். எங்கள் சலவைத்துறைக் கிணறு வற்றியதால், தண்ணீர்த் தொட்டி கேட்டு என் மதினி பேச்சியோடு போனேன்.

செயலாளர் எசக்கியேல் காலை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "எங்கள் ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் கூட வேண்டும். நிதி கொடுக்கவும் அப்படித்தான். ஊரில் எங்கள் ஆண்கள் ஏழு பேர்தான் மிச்சம். போய் மூன்று பேரைப் பிடித்து வா."

"சாமிகிட்ட கேக்கத்தான் பத்துப் பேர் வேணும் முதலாளி. குடுக்க ஒருத்தர் போதாதா?" என்றாள் மதினி.

அறக்கட்டளையின் மூத்தவர் ரெபெக்கா அம்மா சிரித்துவிட்டார். "போதும் பேச்சி, தொட்டி உண்டு. எசக்கியேல், தொட்டியில யார் பேரும் போடாதீங்க. பேர் தெரியாமல் கொடுப்பதுதான் எங்க வழக்கம்."

தொட்டி வந்தது. ரெபெக்கா அம்மா இறந்த மறுவாரமே எசக்கியேல் தன் பெயரைக் கல்லில் வெட்டித் தொட்டிச் சுவரில் பதித்துவிட்டார். தடுக்க அங்கே ஆளில்லை. நான் அந்தக் கல்லுக்கு முதுகைக் காட்டித்தான் இன்றும் துவைக்கிறேன்.