காட்டுப்பூனை வாசம் பூசிக்கொண்ட அந்தி

விலங்குகள் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், புனுகுப்பூனைக்கு அந்தப் பெயர் கிடையாது. அதன் உடம்பில் எந்த வாசமும் இல்லை. பட்டப்பகலில் மரத்துக்கு மரம் தாவிப் பழம் தின்று, பாறையில் மல்லாந்து வெயில் காய்ந்த வெறும் காட்டுப்பூனை அது.

மேற்கு மலையில் பதினைந்து குடிசைகள் கொண்ட ஊர் ஒன்று இருந்தது. தேன் எடுக்கும் நஞ்சனும் அவன் மனைவி கெம்பியும் அங்கே வாழ்ந்தார்கள். இருவருக்கும் ஓயாத வாய்ச்சண்டை. ஆனால் ஒருவர் சாப்பிடாமல் மற்றவர் சாப்பிட்டதில்லை.

ஐப்பசியில் ஒருநாள் நஞ்சன் தேனெடுக்கப் பள்ளத்தாக்குக்குப் போனான். பொழுது சாயும்போது மூடுபனி இறங்கிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. ஊருக்கு ஏறிவரும் பாதையின் ஒரு பக்கம் முழுக்கப் பாறைச் சரிவு. கால் தவறினால் அவ்வளவுதான்.

கெம்பி ஊர் எல்லையில் நின்று கூவினாள். காட்டாற்றின் இரைச்சலில் குரல் கரைந்துபோனது. பந்தம் கொளுத்தினாள். ஈரத்தில் அணைந்தது.

"விடிஞ்சதும் போய்த் தேடலாம் கெம்பி" என்றார்கள் ஊர்க்காரர்கள்.

"விடியற வரைக்கும் இந்தக் குளிரு அவரை விட்டு வைக்குமா?" என்று கேட்டுவிட்டு, அவள் குடிசைக்குள் போனாள்.

கண்ணும் காதும் உதவாவிட்டால் என்ன, மூக்கு இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது. அந்த ஊரில் சந்தனம் ஆண்களுக்கு, பூ பெண்களுக்கு. ஒருவர் வாசத்தை மற்றவர் தொட்டால் ஊரே சிரிக்கும். பூ அந்தக் குளிரில் மணக்காது. கெம்பி யோசிக்காமல் நஞ்சனின் சந்தனக்கட்டையை எடுத்து இழைத்தாள். அது மட்டும் போதவில்லை. பட்டையையும் மிளகையும் ஏலத்தையும் இடித்துப் போட்டாள். குங்கிலியத்தை உருக்கி, தேன் ஊற்றி அடுப்பில் கிளறினாள்.

சட்டி சூடேறியதும் வாசம் எழுந்தது. முதலில் மிளகும் ஏலமும் சுருக்கென்று மூக்கில் ஏறின. அவை அடங்கியதும் பட்டையின் இனிப்பான சூடு வந்தது. அதற்கும் அடியில் சந்தனமும் குங்கிலியமும் போகவே மனமில்லாததுபோல் நின்றன. குளிரில் நடுங்குகிறவர் தோளில் யாரோ கம்பளி போர்த்தியது போலிருந்தது.

காட்டுப்பூனை வாசலில் வந்து நின்றது. "என்னக்கா காய்ச்சறே? மரத்து உச்சியில இருந்தவன் இறங்கி வந்துட்டேன்."

"உன் மச்சான் பள்ளத்துல மாட்டிக்கிட்டாரு. வழி நெடுக மரத்துல இதைப் பூசி வச்சா மோந்துக்கிட்டே வந்துருவாரு. ஆனா எனக்குப் பாதையே தெரியலையே தம்பி."

"எனக்குத் தெரியும். என் மேல பூசிவிடு. ஒவ்வொரு மரமா உரசிக்கிட்டே போறேன்."

கெம்பியின் கை தயங்கியது. "இது ஒட்டினா போகாதுடா. வாசத்தை வச்சே பகல்ல வேட்டையாடுற செந்நாய் உன்னைத் தேடும். அப்புறம் நீ பகல்ல வெளியே வரமுடியாது."

பூனை, தான் வெயில் காயும் பாறை இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தது. வெயில் காய்வதென்றால் அதற்கு உயிர். பிறகு திரும்பி முதுகைக் காட்டியது. "ஆறிப்போகுதுக்கா. சீக்கிரம்."

நஞ்சன் பள்ளத்தில் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கால்கள் மரத்துப்போயிருந்தன. அப்போது அவன் காலை ஏதோ வெதுவெதுப்பாக உரசியது.

"எழுந்திரு மச்சான். மரத்தை மோந்துக்கிட்டே மேலே ஏறு. அக்கா அடுப்பு மூட்டி வச்சிருக்கு."

நஞ்சன் ஒரு மரத்தை மோந்து, கையை நீட்டி அடுத்த மரத்தைத் தேடினான். வாசம் வந்த மரத்தைக் கட்டிக்கொண்டான், வராத பக்கம் கால் வைக்கவில்லை. அப்படியே மரம் மரமாக ஏறி, நன்றாக இருட்டிய பிறகு ஊர் வந்து சேர்ந்தான்.

ஊரே ஓடி வந்தது. அவன் மார்பிலும் கெம்பியின் கையிலும் ஒரே வாசம் வீசியது. ஒருவர் முகம் சுளித்தார். "இது ஆம்பளை வாசமா, பொம்பளை வாசமா?"

"சந்தனம் என்னுது, கைப்பக்குவம் இவளுது. முடிஞ்சா பிரிச்சு எடுத்துக்கங்க" என்றான் நஞ்சன்.

எல்லோரும் மோந்து பார்த்தார்கள். யாராலும் பிரிக்க முடியவில்லை. யாருக்கும் மூக்கை எடுக்கவும் மனம் வரவில்லை. மறுநாள் மாலை, கேலி பேசியவரே தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு, கையில் கிண்ணத்தோடு கெம்பியின் வாசலில் நின்றார்.

பூனை மூன்று நாள் ஆற்றில் முங்கிப் பார்த்தது. வாசம் போகவில்லை, உடம்புக்குள்ளேயே ஊறிவிட்டது. அப்படி ஊறிய வாசத்தை ஊர் புனுகு என்றது, பூனைக்கும் அதுவே பெயரானது.

புனுகுப்பூனை பகலெல்லாம் பொந்தில் மறைந்திருந்து, பொழுது சாய்ந்ததும் வெளியே வந்து, போகும் வழியெல்லாம் மரங்களை உரசிச் செல்வது அந்த அந்தியிலிருந்துதான். அந்த மலையில் விளக்கேற்றும் நேரத்தில் ஆணும் பெண்ணும் ஒரே கிண்ணத்தில் விரல் தொட்டு, அந்தச் சூடான வாசத்தைக் கழுத்தில் பூசிக்கொள்வதும் அன்று தொடங்கியதுதான்.