கொல்லன் குருவியின் வெறுங்குழி

தென்னாப்பிரிக்காவில், நேட்டால் கரும்புச் சீமையில், ஆறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால், நாணற்காட்டை ஒட்டி ஒரு தமிழ்க் குடியிருப்பு இருந்தது. அங்கே காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்த அங்கம்மாளை எல்லோரும் குருவம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது நாற்பதுதான். அவளிடம் பாடம் கேட்க வருகிறவர்களில் மூத்தவர் தங்கவேல் படையாச்சி. அறுபது தாண்டியவர், கோயில் தர்மகர்த்தா. அவர் சரி என்றால் ஊரும் சரி என்னும்.

அதுதான் வம்பாகப் போயிற்று. இந்த இடம் இனி வெள்ளைக்காரருக்கு, உங்களுக்கு உள்நாட்டில் வேறு மனை, நாளைக் காலை லாரி வரும் என்று உத்தரவு வந்திருந்தது. ஊர் முழுக்கப் படையாச்சியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் குருவம்மாவைத் தேடி ஓடினார். அவள் வெண்டை விதையைத் தண்ணீரில் ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"போயிடலாம்னு பார்க்கறேன் அம்மா. எங்க போனாலும் மண்ணு மண்ணுதானே? அங்க நல்ல செம்மண்ணாம்."

"உங்களுக்கு மட்டும் ஓட்டு வீடாமே?"

படையாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. எந்தப் பாவி போட்டுக்கொடுத்தானோ!

"அது துரையாப் பார்த்துச் சொன்னது. நான் கேட்கல."

"சரி விடுங்க. அதோ, அங்க பாருங்க."

நாணலில் தூக்கணாங்குருவிகள் மஞ்சள் மஞ்சளாய்த் தொங்கிக் கூச்சல் போட்டன. சேற்றில் அரிவாள்மூக்கன்கள் குத்திக் கிளறின. அதற்கு இப்பால், மாடு மேய்ந்து கட்டையாகிப் போன புல்லில், ஒரு கொல்லன் குருவி உட்கார்ந்திருந்தது. நம்மூர் ஆள்காட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. கத்தினால் பட்டறையில் சுத்தியல் விழுகிற சத்தம் கேட்கும். மரத்தில் கூடு கட்டாது. தரையில் சின்னதாய்க் குழி பறித்து அதிலே முட்டையிடும்.

"அது மாடு வர்ற தடம். முட்டையை எடுத்து நல்ல இடமாப் பார்த்து வச்சிட்டு வாங்க."

படையாச்சிக்கு ஒரே குஷி. குருவம்மா தன் வழிக்கு வந்துவிட்டாள் என்றே நினைத்தார். பறவை அவர் தலையைத் தட்டித் தட்டிப் பறந்தது. அவர் விடவில்லை. முட்டைகளைத் துண்டில் ஏந்திப்போய், வரப்போரம் மெத்தென்ற புல்லில் வைத்துவிட்டு வந்தார்.

"அரண்மனைதான் போங்க!" என்றார் பெருமையாக.

பறவை அந்த அரண்மனைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் குழிக்கே வந்து நின்றது.

மாடுகள் வந்தன. முன்னால் கொம்பு பெருத்த ஒரு காளை. பறவை இரண்டு இறக்கையையும் அகல விரித்து அதன் எதிரே நின்றது.

"அட பைத்தியமே! முட்டை அங்க இருக்கு, அங்க போ!" படையாச்சி கையை ஆட்டிக் கத்தினார்.

பறவை நகரவில்லை. காளை குனிந்து மோந்து பார்த்தது. மூக்கிலேயே ஒரு கொத்து! காளை தலையை உதறிக்கொண்டு நின்றது. பின்னால் வந்தவை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. பிறகு, எதற்கு வம்பு என்பதுபோல் காளை ஒதுங்கி நடந்தது. மந்தை முழுக்க அதன் பின்னாலேயே ஒதுங்கிப் போயிற்று.

"உள்ள ஒண்ணுமே இல்லையேம்மா! வெறுங்குழி!"

"வெயில் ஏறுது. முட்டை வெந்துடும்."

சொன்னதுதான் தாமதம், படையாச்சி விழுந்தடித்து ஓடினார். முட்டைகளைப் பழைய குழியில் வைக்கும்போது பறவை மறுபடி அவர் மண்டையைப் பதம் பார்த்தது.

"குத்து, நல்லாக் குத்து. எனக்கு வேணும்" என்றார்.

பறவை முட்டைமேல் அமர்ந்தது. அவர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது.

"மாடு ஒதுங்கிடுச்சு. லாரி ஒதுங்குமா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா எப்படிம்மா? குழந்தை குட்டியோட ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க. நான் போய் என்னன்னு சொல்றது?"

அங்கம்மாள் விதைச் சட்டியை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டாள். சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். லாரி வர்ற வழியில நாலு பாத்தி வெட்டணும், வாங்க. காலையில நீங்க எங்க நிக்கறீங்கன்னு ஊரே பார்த்துக்கும்."